மூதூர் அடுப்பில் அரபு நாட்டுச் சோறு

2010ஆம் ஆண்டு இடமாற்றம் பெற்று நான் முதன்முதலாக மூதூருக்குப் போனது கடல் வழியாகத்தான். திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்சியில் ஏறினால் கொட்டியாரக்குடாவைக் குறுக்காகக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரைவழியாகவும் போகலாம். ஆனால் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டிருந்தாலும், அதற்கு அப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பாலங்கள் 2011இல்தான் முடிந்தன. ஆகவே பெட்டி ஒரு கையிலும், கிதாபுகள் கட்டிய பொதி மறு கையிலுமாக லோஞ்சியில் உட்கார்ந்து, மகாவலி கங்கை வந்து விழும் அந்த அகன்ற குடாவைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

நான் மட்டக்களப்புப் பக்கத்தவன். கல்வி கற்ற அரபுக் கல்லூரியில் ஏழு ஆண்டுகள் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டவன். ஆதலால் உணவைப் பற்றிக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இருந்தாலும், தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு மூதூர் கடைத்தெருவில் அன்று கிடைத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பாண், பருப்பு, சம்பல். பகலில் சோறும் மீன் கறியும். இரவில் பராட்டா அல்லது கொத்துரொட்டி. மறுநாளும் அதுவே. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் வெள்ளைக்காரர்களுக்காக வேறு வகைச் சாப்பாடுகள் உண்டு என்று சொல்வார்கள். ஆனால் அது குடாவுக்கு அப்பால், நம் கைக்கும் எட்டாதது.

'இந்த ஊரில் வேறு நாட்டுச் சாப்பாடு ஒன்றும் கிடைக்காதா?' என்று ஒரு நாள் தேநீர்க்கடையில் விளையாட்டாகக் கேட்டேன். கடைக்காரக் காக்கா சிரித்துவிட்டு, "கடையில கிடைக்காது மௌலவி. ஊட்டுல கிடைக்கும்" என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க ஓர் ஆண்டு பிடித்தது.

துறைமுகம் தந்த உணவுகள்

வாசக சகோதரிகளே! ஒரு விடயத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். நாம் 'நம் உணவு' என்று சொல்பவற்றில் எத்தனை கப்பலேறி வந்தவை! பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. அன்னாசியும் பப்பாளியும் அவர்கள் காலத்தில் வந்தவை. ஏன், மிளகாய் கூட அவர்கள் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதற்கு முன் நம் முன்னோரின் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. பெருநாளைக்கு நாம் அவிக்கும் வட்டிலப்பத்தையும், கிண்டும் தொதலையும் மலாய் மக்கள் நமக்குத் தந்தார்கள் என்பர். மஸ்கட் என்று நாம் சாப்பிடும் இனிப்புக்கு ஓர் அரபு நகரத்தின் பெயர். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் நமது சஹனும் அரபுச் சொல்லே.

இந்த மூதூர்க் கரையிலேயே அந்நிய நாட்டார் ஒருவரின் கதை உண்டு. ஆன் என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சீர்படுத்துவதற்காகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது வயது பத்தொன்பதை ஒட்டியிருக்கும். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டுக் கிராமங்களில் இருந்துவிட்டு, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் இலண்டனில் அவர் எழுதிய நூல் வெளியாயிற்று. நம் நாட்டுச் சோறு கறியைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். கிராமத்தார் சமைத்துக் கொடுத்ததை முதலில் உண்ட கைதிகள், பின்னர் சமைத்த சோறு வேண்டாம், அரிசியாகவே தாருங்கள் என்று கேட்டு வாங்கினார்களாம். தாமே சமைத்துக்கொண்டு, மிஞ்சியதை விற்று உடுபுடவை வாங்குவதற்காக! மூதூரில் அவர்கள் இருந்ததாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் ஒரு நினைவுக்கல் உண்டு. மாணவர்களோடு அதைப் பார்க்கப் போனபோது இந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். பிறர் நாட்டில் பிறர் சோற்றை உண்டு நாளை எண்ணிய ஒரு வாலிபன் என்ற அளவில்தான் அன்று எனக்கு அது பட்டது.

லபன் என்றால் பாலா, மோரா?

2011இல் எட்டாம் ஆண்டு வகுப்பில் உணவுப் பொருட்களின் அரபுப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். குப்ஸ் என்றால் ரொட்டி. லஹ்ம் என்றால் இறைச்சி. லபன் என்றால் பால்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. "சேர், லபன் எண்டா மோர். பாலுக்கு ஹலீப் எண்டுதான் சொல்ற" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிறிது கூச்சமாகிவிட்டது. 'யார் சொன்னது?' என்றேன். "எங்கட உம்மா. அவங்க அஞ்சு வருசம் சவூதியில நிண்டவங்க" என்று சொல்லிவிட்டு, ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் கற்பித்ததும் பிழையல்ல. குர்ஆனிலும் பழைய நூல்களிலும் லபன் என்றால் பால்தான். ஆனால் இன்று வளைகுடா நாடுகளில் கடைக்குப் போய் லபன் கேட்டால் மோர்தான் கொடுப்பார்கள். பால் வேண்டுமென்றால் ஹலீப் என்று கேட்க வேண்டும். நூலில் மட்டும் படித்த எனக்கு அது தெரியவில்லை. அங்கு போய் அடுப்படியில் நின்ற ஒரு தாய்க்குத் தெரிந்திருந்தது. 'உம்மா சொன்னது சரி. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்' என்று வகுப்புக்குச் சொன்னேன். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்ததைக் கண்டபோது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த வாரம் அவளுடைய வாப்பா பாடசாலை வாசலில் என்னைக் கண்டு ஸலாம் சொன்னார். மீன்பிடித் தொழில் செய்பவர். "உங்கட பொண்டாட்டி புள்ளைகள் லீவுக்கு வந்தா ஊட்ட கூட்டிட்டு வாங்க மௌலவி, ஒரு நேரம் சோறு தின்னலாம்" என்றார். அந்த விடுமுறையில் என் மனைவி வந்திருந்தபோது போனோம். நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். என் மனைவி சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். ஆகவே இனி நான் எழுதப்போவதில் பாதி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என் காதில் விழுந்தது. மறுபாதி என் மனைவி கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தது.

இல்லாததற்கு இருப்பது

அன்று எங்களுக்கு வைத்தது கப்ஸா. சவூதி அரேபியாவின் வீட்டுச் சோறு அது. இறைச்சி அவிந்த சாற்றிலேயே அரிசியைப் போட்டு ஆக்குவது. புரியாணியைப் போல இறைச்சியையும் சோற்றையும் அடுக்கித் தம் போடுவதில்லை. உறைப்பும் குறைவு. குவைத், கத்தார், பஹ்ரைன் பக்கங்களில் இதையொத்த சோற்றுக்கு மச்பூஸ் என்று பெயர். யெமனின் ஹள்ரமவ்த்திலிருந்து பரவிய மந்தி இன்னொரு வகை. அதில் நிலத்தைத் தோண்டி அமைத்த அடுப்பில், சோற்றுக்கு மேலே இறைச்சியைத் தொங்கவிட்டு மூடி வேகவைப்பார்கள்.

இதற்கு வேண்டிய சாமான்களில் அரைவாசி அன்று மூதூரில் இல்லை. பஸ்மதி அரிசி விலை கூடியது, எல்லா நேரமும் கிடைப்பதுமில்லை. காய்ந்த எலுமிச்சை எந்தக் கடையிலும் கிடையாது. அந்தச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? சாமான் இல்லையே என்று இருந்துவிடவில்லை. அங்கு தான் பார்த்த ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று யோசித்து, ஊரில் இருப்பதைக் கொண்டு செய்தார்.

காய்ந்த எலுமிச்சையை எடுத்துக்கொள்வோம். அரபிகள் இதை லூமி என்பார்கள். கறுத்து, காற்றுப்போல இலேசாக இருக்கும். புளிப்போடு ஒரு புகைந்த மணம் தரும். நம் தேசிக்காய்தான் அது! நன்கு முற்றிய, தோலில் காயமில்லாத தேசிக்காய்களைக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு என்ற கணக்கில் கொதிக்கவைத்து, அதில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். பிறகு சுளகில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக்கூடாது. நல்ல வெயிலென்றால் இரண்டு மூன்று வாரத்தில் கல்லுப்போலக் காய்ந்துவிடும். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. சமைக்கும்போது உடைத்து விதையை நீக்கிவிட்டுப் போட வேண்டும். விதை கிடந்தால் கறி கசக்கும். ஊறுகாய்க்குத் தேசிக்காய் காயவைக்கும் வீடுகளில் இது ஒரு புதிய வேலையே அல்ல.

அடுத்து லப்னா. அரபிகள் காலையில் ரொட்டியில் பூசிச் சாப்பிடுவது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அந்தத் தயிர் ஒரு சட்டியில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கலந்து, வெந்நீரில் அலசிய வெள்ளைப் பருத்தித் துணியில் கட்டி, குளிர்ந்த இடத்தில் மாலையில் தொங்கவிட்டால், விடியும்போது தண்ணீரெல்லாம் வடிந்து வெண்ணெய் போல இறுகியிருக்கும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில் அதனுள்ளே வடியவிடுவது நல்லது. மேலே இரண்டு சொட்டு ஸைத்தூன் எண்ணெய். வடிந்த தண்ணீரையும் அந்தச் சகோதரி கொட்டுவதில்லை, ரொட்டிக்கு மாக் குழைக்க எடுத்துக்கொள்வார். "சவூதியில வாங்குற லப்னாவ விட எங்கட தயிர்ல செய்றதுதான் ருசி" என்று உள்ளேயிருந்து அவர் சொல்வது கேட்டது. நோன்பு காலத்தில் அங்கு பொரிக்கும் லுகைமாத் என்ற மா உருண்டைகளுக்குப் பேரீச்சம்பழப் பாணிக்குப் பதிலாக நம் கித்துள் பாணியை ஊற்றுவதும் அவருடைய யோசனையே.

ஒரு சஹன் கப்ஸா

ஆறு பேருக்கான அளவை என் மனைவியின் கொப்பியிலிருந்து தருகிறேன்.

ஒன்றரைக் கிலோக் கோழியை எட்டுத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று பெரிய வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, இடித்த உள்ளி ஆறு பல், சிறு துண்டு இஞ்சி, ஏலம் ஆறு, கராம்பு ஆறு, கறுவாப்பட்டை இரண்டு துண்டு, மிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, நற்சீரகத் தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித் தூள் இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேருங்கள். மணம் வந்ததும் நான்கு தக்காளியை நறுக்கிப் போட்டுக் கரைய விடுங்கள். கோழியையும் உப்பையும் போட்டுப் புரட்டி, விதை நீக்கிய லூமி இரண்டைச் சேர்த்து, ஒன்பது கோப்பை தண்ணீர் ஊற்றி மூடுங்கள். முக்கால் மணி நேரத்தில் கோழி வெந்துவிடும்.

கோழியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சாற்றை அளந்து பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய பஸ்மதியென்றால் ஒரு கோப்பை அரிசிக்கு ஒன்றரைக் கோப்பைச் சாறு போதும். நம் கீரிச் சம்பாவில் ஆக்குவதென்றால் ஒன்றே முக்கால் கோப்பை வேண்டும். ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய ஐந்து கோப்பை வரும். சாறு குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம். கொதிக்கும் சாற்றில் அரிசியைப் போட்டு, சாறு வற்றி வரும்போது தணலைக் குறைத்து, மூடி இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். கிளறக்கூடாது. அதற்குள் கோழித் துண்டுகளைத் தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுத்துக்கொள்ளலாம்.

இனித்தான் அந்தச் சகோதரியின் கைமருந்து. மந்தியின் புகை மணம் வேண்டுமென்றால் நிலத்தைத் தோண்ட வேண்டாம். சிரட்டைக்கரி ஒரு துண்டை நன்றாகத் தணலாக்கி, ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து, அந்தக் கிண்ணத்தைச் சோற்றின் நடுவே பதித்து, தணலின் மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு உடனே மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் புகை சோறெங்கும் ஏறிவிடும். பிறகு கிண்ணத்தை எடுத்துவிடலாம். தக்காளி, பச்சை மிளகாய், உள்ளி, உப்பு, தேசிக்காய்ப் புளி ஆகியவற்றைப் பச்சையாக இடித்த துவையல் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். உறைப்பு விரும்பும் நம் நாக்குக்கு அதுவே துணை.

அவர் சாப்பிடாத சோறு

சஹனைச் சுற்றி நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உட்கார்ந்தோம். உள்ளே பெண்கள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது, "சவூதியில் ஐந்து வருடம் நல்ல சாப்பாடு சாப்பிட்டிருப்பார்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் சொன்னாள்.

என் மனைவியும் அதையே அவரிடம் கேட்டிருக்கிறாள். அதற்கு அந்தச் சகோதரி சொன்னது இது: "எனக்கு ஆக்கத்தான் தந்தாங்க மச்சி, தின்னத் தரல்ல. அவங்க தின்டு எழும்பினா மிஞ்சினத குசினியில தனிய இருந்து தின்பேன். ஆறிப்போய் இருக்கும். கப்ஸாவ சூட்டோட நான் முதல்ல தின்டது இஞ்ச மூதூருக்கு வந்து, எண்ட புள்ளைகளோட."

அவர் வேலை செய்தது தம்மாம் பக்கத்தில் ஒரு வீட்டில். மாதச் சம்பளம் 400 ரியால். மகளை ஐந்து வயதில் உம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனவர். அந்த வீட்டார் அடித்ததில்லை, சம்பளத்தை நிறுத்தியதுமில்லை. அந்த வகையில் தான் நற்பேறு பெற்றவள் என்றே அவர் சொன்னாராம். அந்த வீட்டு வயதான மூத்தம்மா மட்டும் அவரைப் பக்கத்தில் இருத்தி ரொட்டி பிய்த்துக் கொடுப்பாராம். மசாலாவின் அளவையெல்லாம் கற்றுக்கொடுத்தவரும் அந்த மூத்தம்மாதான்.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு, பல்லாயிரக்கணக்கானோர் கந்தளாயை நோக்கிக் கால்நடையாக வெளியேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் செய்தி அவருக்குக் கிடைத்தபோதும் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. தன் பிள்ளைகள் எங்கே என்று தெரியாமல் ஆறு நாட்கள் அவர் அந்த வீட்டாருக்குச் சமைத்தார். ஏழாம் நாள்தான் கந்தளாய் அகதி முகாமிலிருந்து கணவரின் குரல் தொலைபேசியில் கேட்டது. "அந்த ஆறு நாளும் என்ன ஆக்கினேன் எண்டு எனக்கு நினைவில்ல. ஆனா உப்பு ஒரு நாளும் பிழைக்கல்ல" என்றாராம்.

மூதூரைப் பற்றி எழுதுகிற எவரும் ரிஸானா நபீக் என்ற பிள்ளையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2005இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு பணிப்பெண்ணாகச் சவூதி போன மூதூர்ப் பிள்ளை. பிறப்புப் பதிவின்படி அப்போது வயது பதினேழு. போன சில வாரங்களில் அவர் பொறுப்பிலிருந்த பச்சிளம் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் அவர். கொலை என்று தீர்ப்பாயிற்று. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று நான் மூதூரில் இருந்தேன். குடும்ப வறுமைக்காக அடுப்படி வேலைக்குப் போன ஒரு பிள்ளைக்காக ஊரே அழுதது. அதன் பிறகு பணிப்பெண்களாகச் சவூதி போவதற்கான ஆகக் குறைந்த வயதை அரசாங்கம் 25ஆக உயர்த்தியது. 2022இல், நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது, அது 21ஆகக் குறைக்கப்பட்டது.

ஏன் இதையெல்லாம் ஒரு சமையல் கட்டுரையில் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சகோதரி என் மனைவியிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள் விடுத்தார்: "நான் அங்க நிண்டத ஊர்ல பெரிசா சொல்லாதீங்க மச்சி. நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ள கேக்க வருவாங்க." நம்மிடையே இருக்கும் நோய் இதுதான். அந்தப் பணத்தில் கட்டிய வீட்டில் உட்காருவோம். அந்தப் பணத்தில் வாங்கிய நகையைப் பேசித் தீர்ப்போம். அந்தக் கையால் ஆக்கிய கப்ஸாவைப் பெருநாளன்று புகழ்வோம். ஆனால் 'கத்தாமாவாகப் போனவள்' என்று ஒரு சொல்லையும் பின்னால் சொல்லிவிடுவோம். ஆண் ஒருவர் வெளிநாடு போய் ஒரு தொழிலைப் பழகி வந்தால் அவரைக் கைகாரர் என்கிறோம். பெண் பழகி வந்தால் அதை மறைக்கச் சொல்கிறோம்.

ஸரீத்

2015இல் நான் மாற்றலாகி ஊருக்கு வந்துவிட்டேன். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் ஒரு திருமணத்துக்காக மூதூர் போனோம். இம்முறை கடல் வழியாக அல்ல. கிண்ணியாவில், சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலத்தின் மேலால் வாகனம் ஓடியபோது, 'இந்த வழியில் அங்கு போனவர்களும் வந்தவர்களும் எத்தனை பேர்' என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கும் போனோம். அந்த மகளுக்குத் திருமணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. முந்திய ஆண்டு சமையல் வாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நாட்களில் புதுப்பித்த விறகடுப்பு இன்னும் கொல்லையில் எரிந்துகொண்டிருந்தது. "இண்டைக்கு நான்தான் ஆக்கின சேர்" என்றாள் மகள். சஹனைக் கொண்டுவந்து வைத்தார் அவளுடைய கணவர்.

மெல்லியதாகத் தட்டி எண்ணெயில்லாமல் சுட்ட கோதுமை ரொட்டியைப் பிய்த்துப் பரப்பி, அதன் மேல் கோழி, உருளைக்கிழங்கு, பூசணி, ஒரு லூமி எல்லாம் போட்டு அவித்த இறைச்சிச் சாற்றை நிறைய ஊற்றி, ரொட்டி ஊறும்வரை பத்து நிமிடம் விட்டு, மேலே கோழித் துண்டுகளை வைத்திருந்தார்கள். வளைகுடாவில் நோன்பு காலத்தில் அதிகம் செய்வார்களாம். பெயரைக் கேட்டேன். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: "தரீத் மௌலவி."

தரீத்! நம் நாவில் ஸரீத். ஹதீஸ் பாடத்தில் நான் பல முறை படித்த சொல். நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட உணவு என்று உஸ்தாத் விளக்கம் சொல்ல, ரொட்டியை இறைச்சிச் சாற்றில் ஊறவைத்த உணவு என்று ஓரக்குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. என் நாற்பதுகளில், மூதூரில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டில், பணிப்பெண்ணாக இருந்து திரும்பிய ஒரு தாயின் கைப்பக்குவத்தில்தான் அதை முதன்முதலாக உண்டேன். கண் கலங்கியதை மறைக்கச் சாறு சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் மகள் ஒரு பழைய பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். உம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதியவை. கப்ஸா, லப்னா, லூமி, தரீத், லுகைமாத். ஒவ்வொன்றின் கீழும் 'உம்மா தம்மாமில் படித்தது' என்று எழுதியிருந்தாள். அப்படி எழுத உம்மா விட்டாரா என்று என் மனைவி கேட்டாள். "முதல்ல விடல்ல. பிறகு நானே எழுதிட்டேன். எண்ட மகளும் இதப் பாத்துத்தானே படிக்கணும்" என்றாள் அவள். உள்ளே உம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்புச் சகோதரிகளே! கொழும்பில் இன்று மந்திச் சோற்றுக்கென்றே கடைகள் வந்துவிட்டன. உங்கள் ஊரில் அப்படியொரு கடை இல்லையே என்று எண்ண வேண்டாம். உங்கள் தெருவில் ஜித்தாவிலும் குவைத்திலும் தோஹாவிலும் அடுப்படியில் நின்று வந்த ராத்தா ஒருவர், சாச்சி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் போங்கள். அங்கே என்ன ஆக்கினீர்கள் என்று கேளுங்கள். கேட்டு எழுதுங்கள், யாரிடம் கற்றது என்று அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆக்கி முடிந்ததும் முதல் பிடியை, சூடாறுவதற்கு முன், அவருக்கே கொடுங்கள்.